300 மார்க் யார் கொடுத்தது? ஸ்பானிய இசையமைப்பாளர்களின் கடிதங்கள்

சாயங்கால ரேடியோ
வெள்ளி, இரவு 9:12

ஒரு பொய்யிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1896-இல் பிரெஞ்சுக்காரர் எர்னெஸ்ட் ஷோஸோன் வயலினுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக 'பொயெம்' எழுதினார். இன்று பெரிய வயலின் கலைஞர்கள் யாரும் அதைத் தொடாமல் போவதில்லை. அன்று அதை அச்சிட ஆள் கிடைக்கவில்லை. லைப்சிக் நகரத்து பிரைட்கோப்ஃப் பதிப்பகத்துக்கு எடுத்துக்கொண்டு போனவர் அவருடைய ஸ்பானிய நண்பர் இசாக் அல்பேனிஸ். பதிப்பகத்தார் பிடி கொடுக்கவில்லை. விசித்திரமாக இருக்கிறது, வாசிக்கக் கஷ்டம், வாங்க ஆள் வராது என்று இழுத்தார்கள். அல்பேனிஸ் அச்சுச் செலவைத் தன் கையிலிருந்து கொடுத்தார். அதற்கு மேல் 300 மார்க்கும் கொடுத்து, இதைப் பதிப்பகத்தின் சன்மானம் என்று ஷோஸோனுக்கு அனுப்பிவிடுங்கள், என் பெயர் வெளியே வரக்கூடாது என்று ஏற்பாடு செய்தார்.

இதில் வேடிக்கை, ஷோஸோன் பணக்காரர். 300 மார்க் இல்லாமல் அவர் வீட்டில் அடுப்பு எரியாமல் போகாது. அவருக்கு இல்லாதது தன்னம்பிக்கை. ஒரு ஜெர்மன் பதிப்பகம் என் படைப்புக்குக் காசு கொடுக்கிறது என்று அவர் நம்ப வேண்டும், அவ்வளவுதான். நம்பினார். 1899-இல் சைக்கிள் விபத்தில் போய்ச் சேர்ந்தார், கடைசிவரை விஷயம் தெரியாது. பதிப்பகத்துக்கும் அல்பேனிஸுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து இருந்ததால்தான் நமக்கே தெரிகிறது.

'பொயெம்' எழுதிப் பத்து வருஷம் தள்ளி, அல்பேனிஸின் பியானோப் படைப்பு 'இபேரியா'வின் முதல் தொகுதி வருகிறது. சமர்ப்பணம் யாருக்கு? திருமதி ஷோஸோனுக்கு. நான் 'இபேரியா'வை இருபது வருஷமாகக் கேட்கிறேன். அந்தப் பக்கத்தில் இருக்கும் பெயரை இதுவரை ஏதோ சீமாட்டி என்று நினைத்துக் கடந்துபோயிருக்கிறேன்.

ஸ்பானிய இசை என்றால் ஜிப்சி ரத்தம், மண்ணின் ஆன்மா என்று ஆல்பம் அட்டைகளில் எழுதுவார்கள். கடிதங்களைப் படித்தால் வேறு ஒன்று தெரிகிறது. யார் யாரிடம் நோட்டுப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தார், யார் யாருக்குப் பதில் போட்டார், யார் செலவை ஏற்றார். எனக்கு இதுதான் அந்த இசையின் உண்மையான வரலாறு என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. உங்களிடம் இப்படி என்ன இருக்கிறது?


விடாக்கண்டன்
வெள்ளி, இரவு 10:05

நல்ல கதை. ஆனால் ஒன்று கேட்கிறேன் சார். 300 மார்க் விஷயம் தெரிந்த பிறகு 'பொயெம்' வேறு மாதிரி ஒலிக்கிறதா? செத்தவர்களின் பெட்டியைக் குடைந்து வம்பு படிக்கிறோம், அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைக்கிறோம்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயின் மண்ணில் அவர் இருந்தது சான் செபாஸ்தியானில் காளைச் சண்டை பார்க்கப் போன சில மணி நேரம். தெற்கே அந்தலூசியாவில் இருக்கும் கிரனாடா நகரத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் 1903-இல் 'கிரனாடாவில் மாலை' எழுதினார். அந்தலூசியாவின் உண்மை அதில் அப்படியே இருக்கிறது என்று ஸ்பானிய இசையமைப்பாளர் ஃபாயாவே பின்னால் எழுதினார். காது வேலை செய்தது. கடிதம் எங்கே வந்தது இதில்?


கருப்புக்கட்டை
வெள்ளி, இரவு 11:30

கடிதம் வந்தது, தம்பி. அதே தெபுஸியிடமிருந்து, அதே ஃபாயாவுக்கு.

1907 தொடக்கம். மானுவல் தெ ஃபாயா மாட்ரிட்டில் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற, முப்பதைத் தொட்ட, பெயர் வராத ஆள். 'லா விதா பிரேவே' ஓபரா எழுதி சான் ஃபெர்னாந்தோ அகாதெமியின் போட்டியில் பரிசு வாங்கியிருந்தார். ஆனால் மேடையேற்ற யாரும் இல்லை. அவருக்கு தெபுஸியின் இரண்டு நடனங்களை, ஹார்ப்புக்காக எழுதியவற்றை, பியானோவில் வாசிக்க வேண்டியிருந்தது. எப்படி வாசிக்க வேண்டும் என்று பாரிஸுக்கு எழுதிக் கேட்டார். முன்பின் தெரியாத ஆள். தெபுஸி பதில் போட்டார். அதில் அவர் சொன்னதன் சாரம்: முதல் நடனத்தின் கனத்துக்கும் இரண்டாவதன் நளினத்துக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, அதைத் தேடிப் பிடிக்க வேண்டும், உங்களைப் போன்ற இசைக்காரருக்கு அது சிரமமில்லை, உங்கள் ரசனையை நம்புகிறேன்.

நான் பியானோ சொல்லிக்கொடுத்து முப்பது வருஷம் ஆகிறது. என்னிடம் ஒரு மாணவி இப்படிக் கேட்டால் நான் மெட்ரோனோம் எண்ணைச் சொல்வேன், எந்த இடத்தில் பெடலை எடுக்க வேண்டும் என்று சொல்வேன். அவர் ஒரு எண்ணும் சொல்லாமல், இரண்டு வார்த்தையைக் கொடுத்து, நடுவில் தேடு என்று விட்டுவிட்டார். முதலில் படித்தபோது இது என்ன நழுவல் பதில் என்று எரிச்சலாக இருந்தது. அப்புறம் அந்த இரண்டு நடனங்களையும் வாசித்துப் பார்த்தேன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடத்தில், எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று கை தானாகத் தேடுகிறது. எண் கொடுத்திருந்தால் தேடாது.

அதே வருஷம் கோடையில் ஃபாயா ஏழு நாள் இருக்கலாம் என்று பாரிஸ் போனார். ஏழு வருஷம் இருந்தார்.


மைதிலி_ஆறுகம்பி
சனி, காலை 6:48

தெபுஸி பற்றிப் பேச்சு வந்துவிட்டது, சும்மா இருக்க முடியவில்லை. நான் கிடார்.

விடாக்கண்டன் சொல்லும் 'கிரனாடாவில் மாலை'க்குக் கடிதம் இல்லை, சரி. ஆனால் பத்து வருஷம் கழித்து 1913-இல் வந்த தெபுஸியின் இரண்டாம் பிரெலூட் (சின்னப் பியானோத் துண்டு) தொகுதியில் 'திராட்சைமது வாசல்' இருக்கிறதே, 'லா புவெர்த்தா தெல் வீனோ', அது ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு தபால் அட்டையில் பிறந்தது. கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனை வளாகத்தில் இருக்கும் அந்த வாசலின் படம். பாதி வெயில், பாதி நிழல்.

இதற்கு ஃபாயாவின் பதில் 1920-இல் வந்தது. தெபுஸி இறந்து இரண்டு வருஷம். பாரிஸில் ஒரு இசைப் பத்திரிகை நினைவு மலர் போடுகிறது, ஃபாயாவிடம் எழுதிக் கேட்கிறது. இன்னொரு பக்கம் கிடார் கலைஞர் மிகெல் யோபெத் எனக்கு ஒன்று எழுதிக் கொடு, எழுதிக் கொடு என்று நச்சரிக்கிறார். இரண்டையும் ஒரே கல்லில் அடித்தார். தெபுஸியின் கல்லறைக்கென்று 'ஓமெனாஹே' எழுதினார். தனிக் கிடாருக்கு அவர் எழுதியது வாழ்க்கையில் இது ஒன்றுதான்.

சின்னத் துண்டு. மூன்று நிமிஷம், கொஞ்சம் கூடக் குறைய. முதலில் 'மி'யும் அதற்கு அரைச் சுரம் மேலே 'ஃபா'வும் மாறி மாறி, யாரோ கதவுக்கு வெளியே நின்று உள்ளே வரலாமா வேண்டாமா என்று தயங்குகிற மாதிரி. கீழே கூபா நடனமான ஹபனேராவின் தாளம், சவ ஊர்வலத்தின் வேகத்துக்கு இறக்கப்பட்டது. கடைசியில், முடியப்போகிற நேரத்தில், இரண்டு மூன்று தாள அளவுகளுக்கு 'கிரனாடாவில் மாலை' அப்படியே வருகிறது. தெபுஸியின் சொந்தச் சுரங்கள். நான் முதல் தடவை வாசித்தபோது எனக்கு அது தெரியாது. ஏதோ புதிதாக ஒரு ஜன்னல் திறக்கிறது என்று நினைத்தேன். தெரிந்த பிறகு அந்த இடத்தில் வேகமாகப் போக முடியவில்லை. உங்கள் கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று ஒருவர் இன்னொருவர் கையில் வைக்கிறார். அங்கே விரல் தடுமாறினால் அசிங்கமாக இருக்கும்.

விடாக்கண்டன், உங்கள் கேள்விக்குப் பதில்: ஆமாம், வேறு மாதிரி ஒலிக்கிறது. வாசிக்கிறவளுக்காவது.


விடாக்கண்டன்
சனி, காலை 9:20

தபால் அட்டையை அனுப்பியது யார்? ஃபாயா என்கிறார்கள், ரிக்கார்தோ வின்யெஸ் என்றும் சொல்கிறார்கள். அனுப்பியவர் யார் என்றே ஒழுங்காகச் சொல்ல முடியாத ஒரு அட்டையை வைத்து அழகாக ஒரு கட்டுரை எழுதிவிட்டீர்கள். இதைத்தான் நான் வம்பு என்றேன்.

இன்னொன்று. கிரனாடாவைப் பார்க்காமல் எழுதியதில் தெபுஸிக்கு ஜோடி இருக்கிறது. 'லா விதா பிரேவே' கதை நடப்பது கிரனாடாவில். அதை எழுதும்போது ஃபாயாவும் அந்த ஊர்ப் பக்கம் போனதில்லை! காதிஸ்காரர். 'மண்ணின் ஆன்மா'வை நம்பாதீர்கள் என்று சாயங்கால ரேடியோ சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் அதற்குப் பதிலாக 'நட்பின் ஆன்மா'வை உட்கார வைக்காதீர்கள்.


சாயங்கால ரேடியோ
சனி, காலை 10:02

அட்டை விஷயம் நியாயம். வின்யெஸாக இருந்தாலும் எனக்குச் சந்தோஷமே. லெய்தாவில் பிறந்த கத்தலான்காரர், தெபுஸியின், ராவெலின் பியானோ படைப்புகளை முதன்முதல் மேடையில் வாசித்தவர். இளவயதில் பாரிஸில் இன்னொரு ஸ்பானிய இசையமைப்பாளர் கிரனாதோஸோடு ஒரே அறையில் குடியிருந்தவர். 1909-இல் ஃபாயாவின் 'நான்கு ஸ்பானியத் துண்டுக'ளை அரங்கேற்றியவரும் அவர்தான். ஒரு ஸ்பானியர் பாரிஸில் வந்து இறங்கினால் முதலில் யார் கதவைத் தட்டுவார் என்றால் வின்யெஸ் கதவைத்தான்.

'நட்பின் ஆன்மா' என்று நான் சொல்லவில்லை. கணக்கைச் சொல்கிறேன். ஃபாயாவின் ஓபராவைக் கேட்டுவிட்டு, இது மேடையேற வேண்டியது என்று சொன்னவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் பால் துக்காஸ். ஃபாயாவை அல்பேனிஸிடம் அழைத்துப்போனவரும் துக்காஸ்தான். 1908-இல் ஸ்பெயின் அரசரின் உதவித்தொகை கிடைத்தது, அதனால் அவர் பாரிஸில் தங்க முடிந்தது. 'நான்கு ஸ்பானியத் துண்டுகள்' அல்பேனிஸுக்குச் சமர்ப்பணம். ஓபரா கடைசியில் 1913-இல் பிரான்சின் நீஸ் நகரத்தில் மேடையேறியது, பரிசு கொடுத்த மாட்ரிட்டில் அதற்கும் அடுத்த வருஷம்தான். இத்தனை கைகள் மாறாமல் அந்தச் சுரங்கள் நம் காதுக்கு வந்திருக்காது. காது வேலை செய்தது, சரி. காதுக்குச் சோறு போட்டது யார்?


வடக்குவாசல்
சனி, மதியம் 2:15

எல்லாரும் பாரிஸிலேயே நிற்கிறீர்களே. இவர்கள் எல்லாருக்கும் ஒரு வாத்தியார் இருந்தார், அவர் பெயரை இதுவரை ஒருவரும் எடுக்கவில்லை. ஃபெலிப் பெத்ரெல். தொர்த்தோசாவில் 1841-இல் பிறந்தவர். அல்பேனிஸ், கிரனாதோஸ், ஃபாயா மூன்று பேருமே அவரிடம் போனவர்கள். ஸ்பானிய இசை தன் நாட்டுப் பாடல்களையும் தன் பழைய மேதைகளையும் நம்பி எழ வேண்டும் என்று 1891-இல் ஒரு சிறுநூல் எழுதினார். கடைசி வயதில் நான்கு தொகுதிகளாக நாட்டுப்பாடல் திரட்டை வெளியிட்டார். சொந்த ஓபராக்கள் எடுபடவில்லை. மாணவர்கள் உலகம் சுற்றினார்கள், அவர் படைப்பு அலமாரியில் இருந்தது.

இவரைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. பெத்ரெல் உண்மையில் எதுவுமே சொல்லிக்கொடுக்கவில்லை என்பது. உட்கார்ந்து பேசுவார், பழைய பாடலை எடுத்துக் காட்டுவார், அதைப் பற்றி இதைப் பற்றிச் சொல்வார், பாடம் முடிந்தது. ஹார்மனி நோட்டில் சிவப்பு மை கிடையாது. இதைக் குறையாகச் சொன்னவர்களுக்கு, பெத்ரெல் இறந்த பிறகு 1923-இல் ஃபாயா பதில் எழுதினார். அந்தச் சொல்லின் மிக உயர்ந்த அர்த்தத்தில் அவர் ஆசிரியர், எனக்குப் பாதையைத் திறந்துவிட்டவர் அவர்தான் என்று.

எனக்கு இதில் ஒரு சந்தேகம், கருப்புக்கட்டை டீச்சர் சொல்லட்டும். பேசிக்கொண்டே இருப்பது பாடமா?


கருப்புக்கட்டை
சனி, இரவு 8:40

யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

அல்பேனிஸுக்கு விதியைச் சொன்னால் ஏறாது. அவருக்கு விரலில் எல்லாம் இருந்தது. பெத்ரெல் அதைக் கண்டுகொண்டு, விதிகளால் இவரைக் கெடுக்க வேண்டாம் என்று விட்டார். ஆனால் எல்லாருக்கும் அது ஒத்துவராது. என் முதல் ஆசிரியரும் இப்படித்தான் பேசிக்கொண்டே இருப்பார். நான்கு வருஷம் அவரிடம் போனேன், ஒழுங்காக விரலமைப்பு போடத் தெரியாமல் வெளியே வந்தேன். அவருடைய கதைகள் எல்லாம் ஞாபகம் இருக்கிறது, இடது கை இன்னும் தண்டனை அனுபவிக்கிறது. ஆக, பேசும் ஆசிரியர் என்றால் எனக்கு உடனே கண்ணீர் வராது.

ஃபாயா பெத்ரெலுக்குப் பிறகும் மேலே படித்துக்கொண்டே இருந்தார் என்பதை மறக்க வேண்டாம். தெபுஸி ஓபராவைப் பார்த்து யோசனை சொல்ல, வாங்கிக்கொண்டு திருத்தினார். ஒரே அங்கமாக இருந்ததை இரண்டு அங்கமாக்கினார். பரிசு வாங்கிய படைப்பை, வருஷக்கணக்கில் பெட்டியில் வைத்திருந்த பிறகு, பிரித்துப் போட்டுத் திருத்த யாருக்கு மனசு வரும்?


வடக்குவாசல்
சனி, இரவு 9:55

பேச்சு போதாது என்று உணர்ந்த ஒரு மாணவனும் பெத்ரெலுக்கு உண்டு. அதுதான் நான் சொல்ல வந்த கடிதம்.

ரொபெர்த் ஷெரார்ட். கத்தலோனியாவின் வால்ஸ் ஊரில் 1896-இல் பிறந்தவர். பெத்ரெலின் கடைசி மாணவர். 1922-இல் கிழவர் காலமானார். ஷெரார்ட் ஊருக்கு ஒதுங்கிப் போய், தனியாக உட்கார்ந்து, தான் கற்றது எதுவுமே சேர்ந்து நிற்கவில்லை என்று மனம் உடைந்தார். 1923 அக்டோபரில், பன்னிரண்டு சுரமுறையை உருவாக்கிய ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஆர்னால்ட் ஷோன்பெர்குக்கு எழுதினார். தான் எழுதிய சில துண்டுகளை இணைத்து, தன் குழப்பத்தை ஒளிக்காமல் சொல்லி, என்னை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. ஷோன்பெர்க் எடுத்துக்கொண்டார். வியன்னா, அப்புறம் பெர்லின் என்று 1928 வரை படித்தார்.

அந்தக் கடிதம் வேறு விதமாகத் திரும்பி வந்தது. 1931-இல் உடம்பு சரியில்லாத ஷோன்பெர்க் வெயிலான ஊர் தேடியபோது, பார்சிலோனாவுக்கு வாருங்கள் என்று அழைத்து வீடு பார்த்துக் கொடுத்தவர் ஷெரார்ட். 'மோசஸும் ஆரோனும்' ஓபராவின் இரண்டாம் அங்கம் அங்கேதான் முடிந்தது. ஷோன்பெர்கின் மகள் நூரியா அங்கேதான் 1932-இல் பிறந்தாள். அது கத்தலான் பெயர்.

பன்னிரண்டு சுரமுறை கற்றுக்கொண்டு வந்த ஆள் பெத்ரெலை மறந்துவிட்டாரா என்றால், இல்லை. உள்நாட்டுப் போரில் தோற்று, நாடு விட்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் அகதியாக இருந்தபோது, 1941-இல், பெத்ரெலின் நூறாவது பிறந்த ஆண்டுக்கு 'பெத்ரெலுக்கு அஞ்சலி' என்று ஒரு சிம்ஃபொனி எழுதினார். பேசிக்கொண்டே இருந்த வாத்தியார் ஏதோ சொல்லித்தான் கொடுத்திருக்கிறார் போல.


நெறியாளர்
சனி, இரவு 10:10

பெயர் உச்சரிப்பு பற்றித் தனிச்செய்தியில் மூன்று புகார்கள். 'ஃபாயா'வா 'ஃபால்யா'வா என்று தனி இழை ஏற்கெனவே இருக்கிறது, 14 பக்கம். சண்டையை அங்கே போடுங்கள்.


விடாக்கண்டன்
ஞாயிறு, காலை 7:30

ஃபால்யா. (சரி, சரி, போகிறேன்.)

ஷெரார்ட் கடிதம் வலுவான உதாரணம், ஒப்புக்கொள்கிறேன். அது ஒரு விண்ணப்பம், அதனால் ஒன்று நடந்தது. ஆனால் எல்லாரும் நல்ல கடிதங்களையே பொறுக்கி எடுக்கிறீர்கள். சண்டை போட்ட கடிதம் ஒன்று காட்டுங்கள். அங்கேதான் ஆள் தெரியும்.


சாயங்கால ரேடியோ
ஞாயிறு, காலை 11:18

காட்டுகிறேன். ஃபாயாவும் கவிஞர் லோர்காவும்.

ஃபாயா கிரனாடாவுக்குக் குடிபெயர்ந்து, அல்ஹம்ப்ரா மலையில் அந்தெகெருவேலா ஆல்த்தா தெருவில் ஒரு சின்ன வெள்ளை வீட்டில், தங்கையோடு இருந்தார். லோர்கா இருபது வயதுப் பையன், இவர் நாற்பதைத் தாண்டியவர். இருவரும் மற்ற நண்பர்களும் சேர்ந்து 1922 ஜூனில் அல்ஹம்ப்ராவில் காந்தே ஹோந்தோ (அந்தலூசியாவின் பழைய ஆழ்பாட்டு) போட்டி நடத்தினார்கள், ஆழ்பாட்டு அழிந்துபோகிறது என்ற பயத்தில். அடுத்த ஜனவரி 6-ஆம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு, லோர்கா வீட்டில் குழந்தைகளுக்குப் பொம்மலாட்டம், இசை ஃபாயா. சேர்ந்து ஒரு ஓபரா எழுதுவதாகவும் இருந்தது. நடக்கவில்லை.

1928 டிசம்பரில் ஒரு பெரிய இலக்கியப் பத்திரிகையில் நற்கருணை பற்றி லோர்கா எழுதிய துதிக்கவிதையின் பகுதி வந்தது, 'மானுவல் தெ ஃபாயாவுக்கு' என்று போட்டு. ஃபாயா தினமும் பூசைக்குப் போகிற, பாவத்துக்குப் பயப்படுகிற கத்தோலிக்கர். லோர்காவின் படிமங்களோ ரத்தமும் தவளையுமாக இருக்கும். 1929 பிப்ரவரியில் ஃபாயா பதில் எழுதினார்.

அந்தக் கடிதத்தை நான் பல தடவை படித்திருக்கிறேன். முதலில், உங்கள் கவிதையில் என் பெயர் இருப்பது எனக்குக் கௌரவம் என்கிறார். அப்புறம், நம் இருவருக்கும் இந்த விஷயத்தில் எவ்வளவு வேறுபாடு என்று உங்களுக்கே தெரியும் என்கிறார். நான் இதைத் தொட்டிருந்தால் ஆன்மாவை மண்டியிட வைத்துத் தொட்டிருப்பேன் என்கிறார். முழுக் கவிதையையும் பார்க்கும்வரை நம்பிக்கையோடு காத்திருக்கிறேன் என்று முடிக்கிறார். ஒரு இடத்தில்கூடக் குரல் உயரவில்லை. ஆனால் ஒரு வார்த்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. எடுத்துவிடு என் பெயரை என்று கேட்கவும் இல்லை.

1936 ஆகஸ்டில், உள்நாட்டுப் போர் தொடங்கிய சமயம், லோர்காவை ஃபிராங்கோ தரப்பினர் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டதும், வீட்டை விட்டு வெளியே போகவே அஞ்சுகிற, நோயாளியான, ஜுரம் வருமோ என்று காற்றுக்குப் பயப்படுகிற அந்த மனிதர் அரசு அலுவலகத்துக்கு இறங்கிப் போனார். அதற்குள் லோர்காவைக் கொன்று முடித்துவிட்டிருந்தார்கள். மூன்று வருஷம் கழித்து அர்ஜென்டினாவுக்குப் போன ஃபாயா திரும்பி வரவில்லை.

1929 கடிதம் இல்லாமல் 1936-ஐப் படித்தால் நண்பர் நண்பரைக் காப்பாற்றப் போனார் என்று இருக்கும். அதோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள்.


மைதிலி_ஆறுகம்பி
ஞாயிறு, மதியம் 12:05

வம்பு என்று சொன்னவருக்கு இன்னொரு சின்ன விஷயம். ஃபாயாவின் மேடைப் படைப்புகள் 'எல் அமோர் புரூஹோ', 'முக்கோணத் தொப்பி' இரண்டுக்கும் மேடைப் பிரதி கிரெகோரியோ மார்த்தினெஸ் சியெர்ரா என்றுதான் அட்டையில் இருந்தது. எழுதியது அவர் மனைவி மரியா லெஹாராகா. கிரனாடாவை ஃபாயாவுக்கு முதலில் சுற்றிக் காட்டியதும் அவர்தான். கடிதங்களைப் படித்தால் ஃபாயா யாரிடம் இதை மாற்றுங்கள், அதைக் குறையுங்கள் என்று பேசிக்கொண்டிருந்தார் என்பது தெரிகிறது. கணவரிடம் இல்லை. இதுவும் வம்பா?


விடாக்கண்டன்
ஞாயிறு, மதியம் 12:40

இல்லை. இது சாட்சியம். வாபஸ்.


கருப்புக்கட்டை
ஞாயிறு, மாலை 5:25

அட்டையில் இல்லாத பெயர் என்றதும் 'இபேரியா'வுக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது.

நான்கு தொகுதி, பன்னிரண்டு துண்டு, 1905-க்கும் 1908-க்கும் நடுவில். நான்கையும் முதலில் வாசித்தவர் பிரெஞ்சுக்காரி பிளான்ஷ் செல்வா. நான்கு தொகுதிக்கும் நான்கு சமர்ப்பணம், எல்லாம் பெண்கள். ஆனால் அல்பேனிஸ் பார்சிலோனா பியானோக் கலைஞர் ஹோவாகிம் மலாட்ஸுக்கு எழுதிய கடிதங்களைப் பாருங்கள். என் பாவங்களின் இந்த 'இபேரியா'வை உன்னால்தான், உனக்காகத்தான் எழுதுகிறேன் என்கிறார். எந்தத் தொகுதியின் முகப்பிலும் மலாட்ஸ் பெயர் இல்லை!

இது எனக்கு விரல் வழியாகப் புரியும். அந்த நோட்டைத் திறந்தால் முதலில் கோபம்தான் வரும். வலது கை இருக்கும் கட்டையிலேயே இடது கையும் வந்து உட்காரும். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, யார் மேலே யார் கீழே என்று நோட்டில் குறி போட்டிருப்பார். 'மிக மெல்ல' என்பதற்கு ஐந்து 'பி' போடுவார். இரண்டு 'பி'க்கு மேல் என் பழைய பியானோ சத்தமே எழுப்பாது. வாசிக்கவே முடியாது என்று தோன்றிக் கையெழுத்துப் பிரதியையே அழிக்கப் பார்த்தாராம், ஃபாயாவிடமும் வின்யெஸிடமும் தெருவில் புலம்பினாராம். ஏன் இப்படி எழுதினார் என்று எனக்கு ரொம்ப நாள் எரிச்சல். மலாட்ஸ் கடிதங்களைப் படித்த பிறகு எரிச்சல் போகவில்லை, ஆனால் விளங்கியது. அவர் பொதுவாகப் பியானோவுக்கு எழுதவில்லை. ஒரு ஆளின் இரண்டு கைக்கு எழுதினார். தையல்காரர் ஒருவர் உடம்புக்குத் தைத்த சட்டையை நான் போட்டுப் பார்த்துவிட்டுப் பிடிக்கிறது என்கிறேன்.

மலாட்ஸ் 1912-இல், நாற்பது வயதில் போய்விட்டார்.


வடக்குவாசல்
ஞாயிறு, இரவு 8:02

அதே மலாட்ஸுக்கு கிரனாதோஸும் எழுதியிருக்கிறார். 'கோயெஸ்காஸ்' என்ற பியானோப் படைப்பை எழுதி முடித்த சூட்டில், ஓவியர் கோயாவின் மனசின் மேலும் அவருடைய வண்ணத் தட்டின் மேலும் காதலாகிவிட்டேன் என்று. இரண்டு பேரும் ஒரே ஆளிடம் தங்கள் பெரிய படைப்பைச் சொல்லி ஓடுகிறார்கள்.

கிரனாதோஸின் கடைசிக் கடிதங்களில் ஒன்று இசையமைப்பாளர் அமாதெயு விவெஸுக்கு, நியூயார்க்கிலிருந்து. 1916 ஜனவரியில் 'கோயெஸ்காஸ்' ஓபராவாக அங்கே மெட்ரோபாலிட்டன் அரங்கில் ஏறியாயிற்று. தலை நரைத்துவிட்டது, ஆனால் இப்போதுதான் என் வேலையே தொடங்குகிறது, நெஞ்சு முழுக்கத் திட்டம் இருக்கிறது என்று எழுதுகிறார். வயது 48. வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி வில்சன் முன்னால் வாசிக்க அழைப்பு வந்ததால் ஸ்பெயினுக்கு நேராகப் போகும் கப்பலை விட்டார். இங்கிலாந்து வழியாகச் சுற்றி வந்தார். மார்ச் 24, ஆங்கிலக் கால்வாயில் 'சஸெக்ஸ்' கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி அடித்தது. அவரும் மனைவி அம்பாரோவும் போனார்கள். ஆறு பிள்ளைகள்.

மே மாதம் அதே மெட்ரோபாலிட்டனில் அன்றைய பெரிய கலைஞர்கள் காஸல்ஸ், கிரைஸ்லர், பாதெரெவ்ஸ்கி மூன்று பேரும் சேர்ந்து அந்தப் பிள்ளைகளுக்காக வாசித்து நிதி திரட்டினார்கள்.


விடாக்கண்டன்
ஞாயிறு, இரவு 8:30

விவெஸ் கடிதத்தை நான் படிக்கப்போவதில்லை. வாதத்துக்காகச் சொல்லவில்லை. தேதி தெரிந்துகொண்டு அதைப் படிப்பது அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி இருக்கும்.

வேறு ஒன்று கேட்கிறேன். அல்பேனிஸ் விட்டுப்போன அரைகுறைத் துண்டுகளை நண்பர்கள் முடித்தார்கள் என்று படித்தேன். எது யார்?


சாயங்கால ரேடியோ
ஞாயிறு, இரவு 9:10

அல்பேனிஸ் 1909 மே 18, காம்போ-லெ-பேனில் காலமானார், 49 ஆக இன்னும் பதினோரு நாள். அந்தக் கடைசி நாட்களில் கிரனாதோஸ் அங்கே போய், பிரெஞ்சு அரசு அவருக்கு லெஜியோன் தொனர் விருது கொடுக்கிறது என்ற செய்தியைச் சொன்னார். பியானோவும் வாசித்தார். மேசையில் இரண்டு துண்டு பாதியில் கிடந்தன. 'அசுலேஹோஸ்' ஒன்று, அதை முடித்தது கிரனாதோஸ். 'நவார்ரா' இன்னொன்று. 'இபேரியா'வில் சேர்க்க ஆரம்பித்து, அதற்கு ஒத்துவராது என்று ஒதுக்கி வைத்தது. அதை முடித்தது தெயொதா தெ செவெராக், ஸ்கோலா கான்தோரும் பள்ளியில் அல்பேனிஸின் மாணவர். கடைசியில் 26 தாள அளவு மட்டும்தான் அவர் கை.


கருப்புக்கட்டை
திங்கள், மாலை 6:50

இன்று வகுப்பில் 'நவார்ரா' ஒலிப்பதிவைப் போட்டேன், பின்னணி எதுவும் சொல்லவில்லை. பெரிய பிள்ளைகள் நாலு பேர், கூட ஒருத்தியின் தம்பி, பத்து வயது, அக்காவைக் கூட்டிப் போக வந்து மூலையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

முடிந்ததும் எல்லாரும் சும்மா இருந்தார்கள். அவன்தான் கேட்டான்: "டீச்சர், நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு, ஏன் அவசர அவசரமா முடிச்சுட்டாரு?"